மடிப்பிச்சையும் பேரீச்சம்பழமும்

மஸ்கட்டில் பெட்டி கட்டும்போது பாதி இடத்தைப் பேரீச்சம்பழ டப்பாக்களும் சாக்லேட் பைகளுமே பிடித்துக்கொண்டன. மீதியில் மகள் ஜெசியின் துணிமணி, அவளுக்கு மூச்சிரைக்கும்போது வைக்கும் நெபுலைசர், சானிடைசர் பாட்டில்கள். எனக்கென்று ஒரு மூலையில் சில உடுப்புகள். பிச்சை எடுக்கப் போகிறவளின் பெட்டி அது. அதில் என்ன தவறு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை, பிச்சை எடுக்கத்தான் ஊருக்குக் கிளம்பினேன். ஜெசி குறைமாதத்தில் பிறந்தவள். அவள் மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த நாட்களில், திண்டுக்கல்லில் என் மாமியார் அந்தோணியாரிடம் ஒரு நேர்ச்சை வைத்துவிட்டார். பிள்ளை பிழைத்தால் அதைப் பெற்றவள் மடிப்பிச்சை எடுப்பாள். முந்தானையை ஏந்தி வீடு வீடாகப் போய் அரிசி வாங்கி, திருவிழா அன்று ஊருக்கே பொங்கிப் போடும் அசனப் பானையில் கொட்டுவாள். பெற்றவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் வளர்ந்தது சென்னையில், புனிதர்களும் நேர்ச்சைகளும் இல்லாத சபையில். கிருபை இலவசம் என்பதை ஞாயிறு பள்ளியில் மனப்பாடமாக ஒப்பித்துப் பரிசெல்லாம் வாங்கியிருக்கிறேன். கடவுளிடம் பேரம் பேசக் கூடாது என்று கணவரிடம் பலமுறை வாதாடியிருக்கிறேன். ஆனால் ஜெசிக்கு இரைக்கும் ஒவ்வொரு முறையும் அத்தை போனில், "நேர்ச்சை அப்படியே நிக்குதுல்ல, பெறகு எப்புடி?" என்பார். நம்பவில்லை என்று சொல்லிக்கொண்டே பயந்தேன். போன மாதம் மறுபடி மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தபோது வாதாடுவதை விட்டுவிட்டேன். கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நானும் ஜெசியும் மட்டும் வந்தோம்.

திண்டுக்கல்லில் இறங்கிய நாள் காற்று ஆளைத் தள்ளியது. சுவரொட்டிகள் பாதி கிழிந்து படபடத்துக்கொண்டிருந்தன. மஸ்கட்டிலும் எங்கள் வீட்டைச் சுற்றி மொட்டைப் பாறை மலைகள்தான். ஆனால் அவை மூடிய கண்ணாடிக்கு அப்பால் படம்போல இருக்கும். இங்கே மலைக்கோட்டைப் பாறையின் சூடு ஆட்டோவுக்குள் ஏறி எங்களோடு உட்கார்ந்துகொண்டது. நான் ஜெசியின் மூக்கைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டே வந்தேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "விடுங்கம்மா, புள்ள மூச்சு விடட்டும்" என்றார்.

எங்களுக்காக அத்தை ஒரு அறையில் புதிதாக ஏசி மாட்டியிருந்தார். "நீங்க போனதும் அமத்திருவேன், எனக்கு எலும்பைக் கடிக்குது" என்றார். மதியத்துக்குப் பிரியாணி வாங்கி வரச் சொன்னார். பேகம்பூர்ப் பக்கம் ஒரு சின்னக் கடை. வளைகுடாவில் நாங்கள் சாப்பிடுவது விரல் நீள அரிசி; இது சீரகம்போலப் பொடிப்பொடியான சம்பா, ஒவ்வொரு பருக்கையிலும் கறியின் வாசம். கடைக்கார பாய் பொட்டலம் கட்டிவிட்டு, இடுப்பிலிருந்த ஜெசியைப் பார்த்து, இலையில் கொஞ்சம் குஸ்கா தனியாக வைத்தார்.

"பாப்பாவுக்கு. காரம் கம்மியா எடுத்திருக்கேன்."

"அதுக்கு எவ்வளவு பாய்?"

"பச்சப்புள்ளைக்கு வச்சதுக்கு என்னம்மா காசு?"

"இல்லை, பரவாயில்லை, எடுத்துக்கோங்க." நான் நோட்டை நீட்டினேன். அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். நான் மறுபடி நீட்டினேன்.

எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏம்மா, குடுத்தா வாங்கிட்டுப் போம்மா. எங்களுக்குப் பசிக்குதுல்ல!" வரிசையே சிரித்தது. காது சூடாகத் திரும்பி வந்தேன்.

மறுநாள்தான் மடிப்பிச்சைக்கு என்று முடிவாகியிருந்தது. அதற்கு அடுத்த நாள் அசனம். அத்தை சின்னாளப்பட்டியிலிருந்து ஒரு சுங்குடிச் சேலை எடுத்து வைத்திருந்தார். கஞ்சி மொடமொடக்கும் புதுச்சேலை. முந்தானை விரித்தால் தட்டுபோல நின்றது. அத்தைக்கு முழங்கால் வலி. ஜெசியைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டார். நான் வாடகைக் காரில் கிளம்பினேன்.

எந்த வீட்டுக்குப் போவது? தெரியாத வாசலில் நிற்க எனக்குத் தைரியமில்லை. கணவரின் சொந்தக்காரர்களுக்கு முன்தினமே போன் செய்து சொல்லிவிட்டேன். எல்லோரும் காத்திருந்தார்கள். முதல் வீட்டில் சோபாவில் உட்காரவைத்து காபி கொடுத்தார்கள். இரண்டாவது வீட்டில் கேக். எல்லா வீட்டிலும் அரிசி தயாராகக் கிண்ணத்தில் இருந்தது. ஒரு வீட்டில் அதன்மேல் ரோஜாப்பூ வேறு. சின்ன மாமியார் ஒருவர், "செத்த நேரம் அப்படியே நில்லு, ஸ்டேட்டஸ் வைக்கணும்" என்று முந்தானையில் அரிசி விழும்போது போட்டோ எடுத்தார். சரியாக விழவில்லை என்று மறுபடி எடுத்தார். நான் இரண்டாம் முறை இன்னும் பணிவாகக் குனிந்தேன். ஒவ்வொரு வீட்டை விட்டு இறங்கும்போதும் காரிலிருந்து ஒரு டப்பா பேரீச்சம்பழமும் சாக்லேட்டும் எடுத்துக் கொடுத்தேன். "எதுக்கும்மா இதெல்லாம்?" என்று சொல்லிக்கொண்டே வாங்கிக்கொண்டார்கள்.

சாயங்காலம் கார் டிக்கி நிறைய அரிசியோடு வந்து இறங்கினேன். உள்ளே ஏதோ உறுத்திக்கொண்டிருந்தது. போட்டோ விஷயமாக இருக்கும் என்று நினைத்தேன். அத்தை மூட்டையைத் தொட்டுப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு காலிப் பைகளைப் பார்த்தார்.

"இதுல இருந்த பழமெல்லாம் எங்க?"

"குடுத்துட்டேன் அத்தை."

"யாருக்கு?"

"போன வீட்டுக்கெல்லாம்தான். வெறுங்கையோட எப்படிப் போறது?"

அத்தை அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். "அடியே எஸ்தரு, பிச்சைக்காரி என்னைக்காச்சும் வீட்டுக்காரிக்கு மிட்டாய் குடுத்துப் பாத்திருக்கியா?"

முதலில் சிரித்தார். சிரித்து இருமி, கண்ணைத் துடைத்தார். பிறகுதான் முகம் மாறியது. "அரிசி குடுத்தவளுக்குப் பழத்தக் குடுத்துட்டு வந்திருக்க. இதுக்குப் பேரு யாவாரம். இத எப்புடி பானையில கொட்டுவேன்? நாளைக்குப் புள்ளைக்கு ஒண்ணுன்னா?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகாது அத்தை. கடவுள் அப்படிப் பார்க்க மாட்டார்." சொல்லும்போதே என் குரல் எனக்கு நம்பும்படியாக இல்லை.

கணவருக்குப் போன் போட்டேன். அவர் வழக்கம்போலச் சுலபமாக்கினார். "நாளைக்கு உண்டியல்ல நல்லதா ஒரு தொகை போட்டுடு. சரியாயிடும்." எங்கள் வாழ்க்கையில் ஏறக்குறைய எல்லாமே அப்படித்தான் சரியாகியிருக்கிறது. மஸ்கட்டில் வெள்ளிக்கிழமை ஆராதனைக்குக் குளிர்ந்த மண்டபத்துக்குப் போவோம். காணிக்கை போனிலேயே போய்விடும். தொழிலாளர் முகாமுக்கு மாதம் ஒருமுறை உணவுப் பொட்டலம் அனுப்புவோம். கொடுக்கிற பக்கத்திலேயே எப்போதும் நின்றிருக்கிறோம். அங்கே நிற்பதுதான் விசுவாசம் என்று நான் நினைத்திருந்தேனோ என்னவோ. அத்தை அரிசி மூட்டையைச் சமையலறை மூலைக்குத் தள்ளிவிட்டு, "இத நம்மளே பொங்கித் திம்போம். வெலைக்கு வாங்குனதுதான" என்றார்.

மூன்றாம் நாள் காலை நானே சொன்னேன்: "அத்தை, நீங்க ஜெசியைக் கூட்டிட்டு கார்ல கோயிலுக்குப் போங்க. நான் பஸ்ல வாரேன்." என் வாயில் அவருடைய 'வாரேன்' வந்ததைக் கேட்டு அவருக்கே சிரிப்பு வந்தது. மதியம் உலை கொதிக்கும் முன் வந்துவிட வேண்டும், அதற்குப் பின் கொண்டுவரும் அரிசி பானையில் சேராது என்று எச்சரித்தார். செருப்பை வாசலில் விட்டேன். கைப்பையில் போன், தண்ணீர், சானிடைசர். பெட்டியின் அடியில் எஞ்சியிருந்த ஒரே ஒரு பேரீச்சம்பழ டப்பாவையும் உள்ளே போட்டேன். ஜெசிக்கு என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

டவுன் பஸ் காலியாகத்தான் கிளம்பியது. நடத்துநர் வந்தார். "எங்கம்மா?"

"ரெட்டியார்சத்திரம் தாண்டி, ஏதாவது ஒரு ஊர்."

"ஏதாவது ஒரு ஊரா? அந்தப் பேருல இங்க ஊரு இல்லையே."

"வீடுங்க இருக்கிற ஊரா இருந்தா போதும்."

முன் இருக்கையில் இரண்டு பெண்கள் திரும்பி என் காலைப் பார்த்தார்கள், பிறகு என் கைப்பையைப் பார்த்தார்கள். நான் அவசரமாகப் பணத்தை நீட்டினேன்.

"உள்ள வைங்கம்மா. பொம்பளைகளுக்கு ஃப்ரீ."

"எனக்கு வேண்டாம், நான் டிக்கெட் எடுத்துக்கறேன்."

"நீங்க எடுத்துக்கறேன்னாலும் நான் குடுக்க முடியாதும்மா." கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்து என் விரல்களுக்கிடையில் செருகிவிட்டுப் போனார். ஒருத்தி மற்றவளிடம், "வீட்டுல சண்டை போட்டுட்டு வந்துருச்சு போல" என்று மெதுவாகச் சொன்னாள். மெதுவாக என்று அவள் நினைத்திருக்கலாம்.

ஒரு நிறுத்தத்தில் தக்காளிக் கூடைகள் ஏறியபோது ஒன்று சரிந்து பஸ் கிளம்பாமல் நின்றது. எல்லோரும் குனிந்து பொறுக்கினோம். அந்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன். ஊரின் பெயர்ப் பலகையை வேண்டுமென்றே பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்தவர் யாராவது இருக்கிறாரா என்று மனம் தேடத் தொடங்கும்.

மண் சாலை. வெயில் ஏறியிருந்தது. முதல் வீட்டுக்கு இரும்புக் கதவு. என் வயதுப் பெண் ஒருத்தி காதில் இயர்போனோடு வந்தாள்.

"யாரு வேணும்?"

"யாரும் வேணாம். அரிசி..."

"நாங்க ஒட்டன்சத்திரத்துல மொத்தமா வாங்கிருவோம்ங்க. வேண்டாங்க."

நான் விற்க வந்ததாக நினைத்துவிட்டாள். "இல்லை, நீங்க எனக்கு..." என்பதற்குள் கதவு மூடிவிட்டது. திட்டவில்லை, கோபப்படவில்லை. நானும் என் வீட்டுக் கதவை இப்படித்தான் மரியாதையாக மூடுவேன். அந்த மரியாதை இவ்வளவு வலிக்கும் என்று வெளியில் நின்றால்தான் தெரிகிறது.

அடுத்த வீட்டுப் பெரியவர் நான் ஏதோ கணக்கெடுக்க வந்திருப்பதாக நினைத்துக் குடிநீர்க் குழாய் வராத கதையைத் தொடங்கினார். நான் தலையாட்டிக்கொண்டே கேட்டேன். முந்தானையை விரிக்கவே தோன்றவில்லை. மனுவை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அங்கேயும் கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

திரும்பிப் போய்விடலாம் என்று நின்றேன். திரும்பிப் போனால் ஜெசி முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் இந்தத் தெரு நினைவு வரும். நேர்ச்சையை நம்புகிறேனா என்று கேட்டால் அப்போதும் தெரியாது. ஆனால் அவளுக்காக ஒரு வாசலில் நிற்கக்கூட முடியவில்லை என்ற நினைப்போடு மஸ்கட்டுக்கு விமானம் ஏற முடியாது.

மூன்றாவது வீட்டு முன் வேப்பமர நிழலில் ஒரு பெண் சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளை அறுத்துக்கொண்டிருந்தாள். நான் தெருவிலேயே நின்று முந்தானையை எடுத்துப் பிடித்தேன். 'அம்மா' என்று கூப்பிட வேண்டும் என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்திருந்தேன். அதற்குப் பதில் முந்தானையைக் கொஞ்சம் உயர்த்தினேன்.

அவள் நிமிர்ந்தாள். முந்தானையைப் பார்த்தாள்.

"புள்ளைக்கா?"

தலையாட்டினேன்.

"அங்கயே நின்னா எப்புடித்தா? உள்ள வா. செருப்பில்லாம நடந்து பழக்கமில்ல போல, நண்டு கணக்கா வார." அரிவாள்மணையை ஒதுக்கி எழுந்தாள். "புள்ளைக்கு என்ன?"

"மூச்சு. இரைப்பு."

"எங்க கொட்டணும்?"

"அந்தோணியார் கோயில்ல, இன்னைக்கு அசனம். நீங்க கோயிலுக்கு..."

"நாங்க பழனிக்குப் போற ஆளுக. அதுனால என்ன? அரிசி எங்க போட்டாலும் வேகும்." உள்ளே போனவள் அங்கிருந்தே பேசினாள். "எம்மவனுக்கு நானும் எடுத்தேன். மொத வீட்டுல என் நாத்தனா இருந்தா. அவ சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல கேக்குது, முண்டம்."

சொம்பு நிறைய அரிசி கொண்டுவந்தாள். ரேஷன் அரிசி, கொஞ்சம் மஞ்சளாக, இரண்டொரு கறுப்பும் கலந்தது. அது முந்தானையில் விழுந்தபோது என் வலது கை தானாகக் கைப்பைக்குள் போயிருந்தது. விரல்கள் டப்பாவைத் தொட்டுக்கொண்டிருந்தன. உள்ளே அவளுடைய வீடு முழுவதும் தெரிந்தது, ஓர் அறைதான். என்னைவிடக் குறைவாக உள்ளவளிடம் வாங்கிக்கொண்டு சும்மா எப்படிப் போவது? ஒரே ஒரு டப்பாதானே. அன்பாகக் கொடுப்பதை யார் தப்பு சொல்வார்கள்?

"என்னத்தத் தேடுற?" என்றாள்.

முந்தானை ஒரு பக்கம் சரிந்து அரிசி மண்ணில் சிந்தத் தொடங்கியது.

"ஒண்ணுமில்லக்கா." கையை வெளியே எடுத்தேன். வெறுமனே எடுத்தேன். அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. முந்தானைக்கு அடியில் கொண்டுபோய்ப் பிடித்தேன். சிந்துவது நின்றது. இரண்டு கையாலும் பிடித்தால்தான் அது நிற்கும்.

"போற வழியில கடேசி வீட்டுலயும் கேளு. அவ கொஞ்சம் வாயாடி. ஆனா போடுவா" என்று சொல்லிவிட்டு வெங்காயத்துக்குத் திரும்பிவிட்டாள். என் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

கடைசி வீட்டுக்காரி வாயாடிதான். "கழுத்துல இம்புட்டுத் தங்கத்தப் போட்டுக்கிட்டு எங்கிட்ட அரிசியா?" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். போய்விடுவேன் என்று நினைத்திருப்பாள். முணுமுணுத்துக்கொண்டே ஒரு கை குருணை போட்டாள். அடுத்த தெருவில் ஒரு வீட்டில் இட்லி அரிசி. இன்னொரு வீட்டில் ஒன்றும் இல்லை, "நாளைக்கு வா" என்றார்கள். முந்தானையை விட முடியாததால் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க முடியவில்லை. ஏறும்போது யாரோ முழங்கையைப் பிடித்து ஏற்றினார்கள். இலவசச் சீட்டை நடத்துநர் என் தோளில் தொங்கிய கைப்பையில் செருகினார். நான் வாதாடவில்லை, காசு நீட்டக் கையில்லை.

கோயில் மைதானத்தில் அடுப்புகள் கனன்றுகொண்டிருந்தன. துடுப்பு வைத்துக் கிளறுகிறவர்களின் முகமெல்லாம் புகை. அத்தை ஜெசியோடு பந்தல் கால் ஓரமாக வழியில் கண் வைத்துக் காத்திருந்தார். என் முந்தானைக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன இது? ரேஷன், குருணை, இட்லி அரிசி எல்லாம் ஒண்ணாக் கெடக்கு?"

"அப்படித்தான் போட்டாங்க."

"ம்" என்றார். அந்த 'ம்' எனக்குப் போதுமாக இருந்தது. அரிசிக் குவியலருகே நின்ற பெண், "கொட்டுத்தா, உலை கொதிக்கப் போகுது" என்று அவசரப்படுத்தினாள். கொட்டினேன். எந்தப் பருக்கை யாருடையது என்று ஒரு நொடிகூடத் தெரியவில்லை.

சாயங்காலம் தரையில் பந்தி. ஜெசிக்கு இந்தத் தண்ணீர் ஒத்துக்கொள்ளுமா, புகை ஒத்துக்கொள்ளுமா, இலையை யார் கழுவினார்கள் என்று என் மனம் ஓய்வில்லாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. பக்கத்தில் எரியோடு என்ற ஊரிலிருந்து வந்த ஓர் அம்மாள் தன் இலையிலிருந்து எலும்பில்லாத கறித்துண்டைப் பிய்த்து ஜெசி இலையில் வைத்தார். ஜெசி என்னைப் பார்த்தாள்.

"அம்மா, இவங்களுக்கு நம்ம என்ன குடுக்கணும்?"

யார் கற்றுக் கொடுத்தது என்று கேட்கத் தேவையில்லை. "ஒண்ணும் குடுக்க வேண்டாம். சாப்பிடு" என்றேன். அந்த அம்மாள், "வெஞ்சனம் வேணுமாடா கண்ணு?" என்று கத்தரிக்காயையும் தள்ளினார்.

இத்தோடு முடிந்திருந்தால் எழுதுவதற்கு அழகாக இருந்திருக்கும். மறுநாள் மாலை, விளக்கு வைக்கிற நேரத்துக்கு, ஜெசிக்கு இரைக்க ஆரம்பித்தது. மைதானத்துப் புகையாக இருக்கலாம், காற்றாக இருக்கலாம். நான் நெபுலைசரை இணைத்து அதன் முகமூடியை அவளுக்குப் பொருத்தினேன். எந்திரம் உறுமத் தொடங்கியது. அத்தை கதவருகே வெளிறிப்போய் நின்றார்.

"நேர்ச்சைதான் குடுத்தாச்சே. பெறகு ஏன்?"

எனக்கும் அதேதான் தோன்றியிருந்தது. ஒரு கணம், ஏமாற்றப்பட்டவளைப் போலக் கோபம்கூட வந்தது. நேற்று டப்பாவைக் கொடுக்காத நான், கொட்டிய அரிசிக்கு ஈடாக இந்த மூச்சை எதிர்பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். நான் யாவாரத்தை விடவே இல்லை, கடையைத்தான் மாற்றியிருக்கிறேன்.

அத்தை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "அந்தோணியாரே, இந்தப் புள்ளைக்கு இது நின்னா, வார வருசம் நான் வேளாங்கண்ணிக்கு நடந்தே..."

"அத்தை, உங்களால மாடிப்படி ஏற முடியல."

"பெறகு என்னத்தச் சொல்ல?"

"கேட்க மட்டும் செய்யுங்க. பதிலுக்கு இதத் தாரேன், அதத் தாரேன்னு ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

வெறுங்கையோடு கல்யாண வீட்டுக்குப் போகச் சொன்னதுபோல அத்தை என்னைப் பார்த்தார். பிறகு மறுபடி கண்ணை மூடினார். வாக்குறுதி இல்லாமல் எப்படித் தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியாது. கடைசியில் அவர் ஏதோ முணுமுணுத்தார். எந்திரச் சத்தத்தில் என்னவென்று கேட்கவில்லை. அவருடைய முந்தானை மட்டும், அவருக்கே தெரியாமல், மடியில் விரிந்து கிடந்தது.

மேசைமேல் காலையில் ஜெசி உடைத்துப் பாதி தின்ற பேரீச்சம்பழ டப்பா திறந்தபடி இருந்தது. முகமூடிக்குள் அவள் மூச்சு வந்து, போய், மறுபடி வந்தது. நான் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.